நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த பிறகு இரவுக்கு என்ன சமைக்கிறீர்கள்?

வில்லாபுரத்தாள் | செவ்வாய், இரவு 11.20

காலை ஒன்பதரைக்குக் கடைக்குள் போனவள் இரவு எட்டே முக்காலுக்குத்தான் வெளியே வந்தேன். மதுரையில் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. ஆடித் தள்ளுபடி ஆரம்பித்ததிலிருந்து ஓயாத கூட்டம், சேலையை எடுத்து விரித்து, மடித்து வைத்து, மறுபடி அதையே விரித்து, இன்றைக்கு நான் உட்கார்ந்தது மதியம் சாப்பிட்ட இருபது நிமிடம் மட்டும். பஸ்ஸிலும் இடம் கிடைக்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றினால் வார் இருந்த இடம் காலில் குழியாகப் பதிந்திருக்கிறது.

வீட்டில் நான் போக நாலு பேர். மாமியாருக்கு 68 வயது, முழங்கால் வலி, அடுப்பு முன்னால் நிற்க முடியாது. மகன் ஏழாவது, மகள் இரண்டாவது. வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், அவர் வரப் பத்து மணிக்கு மேல் ஆகிவிடும்.

முகம் கூடக் கழுவாமல் குக்கரை ஏற்றினேன். விசில் அடங்குவதற்குள் ஒரு தக்காளி ரசம், பிறகு அப்பளம் பொரித்தேன். அவ்வளவுதான் உடம்பு ஒத்துழைத்தது. தட்டைப் பார்த்துவிட்டு மாமியார், "ரசம் மட்டுந்தானா, வெஞ்சனம் ஒண்ணும் வைக்கலையா?" என்று கேட்டார்கள். கோபமாகக் கேட்கவில்லை, வழக்கமாகக் கேட்பதுபோலத்தான் கேட்டார்கள். ஆனாலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் அதற்கு முன்பே தூங்கிப் போயிருந்தாள். தூக்கி மடியில் வைத்து நாலு வாய் ஊட்டினேன், கண்ணை மூடிக்கொண்டே மென்று விழுங்கினாள்.

என்னை உறுத்துவது அந்த நாலு வாய்தான். இந்தத் தள்ளுபடி முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அதுவரை தினமும் இப்படித்தான் வருவேன். செவ்வாய், வெள்ளி எங்கள் வீட்டில் முட்டை கூட ஏற்ற மாட்டோம். இந்த மாதிரி நாளில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று உண்மையாகச் சொல்லுங்கள். பெரிய சமையல் குறிப்பு வேண்டாம்.


ஒத்தக்கடைக்காரன் | செவ்வாய், இரவு 11.41

அக்கா, இதற்கு ஏன் கண் கலங்க வேண்டும். மதுரையில் இருந்துகொண்டு இரவு சாப்பாட்டுக்குக் கவலைப்படலாமா, பதினொரு மணிக்குக் கூட முக்குக்கு முக்கு இட்லிக் கடை இருக்கிறது. ரொம்ப முடியாத நாளில் பரோட்டா சால்னா பார்சல் வாங்குங்கள், எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுங்கள், காலையில் எழுந்து பார்த்துக்கொள்ளலாம். நானும் மனைவியும் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், வாரத்தில் இரண்டு நாள் எங்களுக்குக் கடைச் சாப்பாடுதான். அதை ஒரு குற்றமாக நாங்கள் நினைப்பதே இல்லை.


மேலூர் டீச்சர் | புதன், காலை 6.10

தம்பி சொல்வதும் ஒரு வழிதான். ஒரு நாள் இரண்டு நாள் என்றால் நானும் அதையே சொல்லுவேன். மூன்று வாரம் என்கிறார்களே, அதுதான் யோசிக்க வைக்கிறது.

நான் பல வருடமாக மதுரைக்கும் மேலூருக்கும் பஸ்ஸில் போய் வந்து சமைத்தவள். ஒன்று மெதுவாகத்தான் புரிந்தது. சமைக்க ஆகும் நேரம் அரை மணிதான். அதற்கு முன்னால் அடுப்படி வாசலில் நின்று, என்ன இருக்கிறது, என்ன செய்யலாம், யார் எதைச் சாப்பிடுவார்கள் என்று யோசிக்கிறோமே, உடம்பில் மிச்சம் இருக்கிற தெம்பையும் அதுதான் உறிஞ்சிவிடுகிறது. எட்டே முக்காலுக்குக் களைத்து வருகிறவளிடம் "இன்னைக்கு என்ன?" என்ற கேள்வியைக் கொடுக்கவே கூடாது. அதற்குப் பதில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே இருக்க வேண்டும்.

எங்கள் பள்ளியில் காலை உணவு போடுகிறார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில்தான், ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில், முதலமைச்சர் அந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். சமைக்கிற பெண்கள் விடிவதற்கு முன்பே வந்துவிடுகிறார்கள், ஆனால் அவர்களை யாரும் இன்று என்ன என்று கேட்பதில்லை. எந்தக் கிழமைக்கு என்ன என்று முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். வந்ததும் கை வேலையைத் தொடங்கிவிடுகிறது. அதைப் பார்த்த பிறகுதான் நானும் என் வீட்டுச் சுவரில் ஒரு தாளை ஒட்டினேன். திங்கள் என்றால் பருப்புச் சோறு, புதன் என்றால் தோசை. பிள்ளைகளும் பழகிவிட்டார்கள், கேட்பதே இல்லை.

பருப்புச் சோறு என்று சொன்னேனே, அதற்கு ஒரு குக்கர் போதும். ஒரு டம்ளர் பச்சரிசிக்குக் கால் டம்ளர் பாசிப்பருப்பு, நாலு டம்ளர் தண்ணீர், ஏழெட்டுப் பல் பூண்டு, ஒரு தக்காளி, மஞ்சள் தூள், உப்பு. நாலு விசில். துவரம் பருப்பு என்றால் ஊற வைப்பது நல்லது, பாசிப்பருப்புக்கு அந்தத் தொல்லை இல்லை, அப்படியே போடலாம். இறக்கியபின் சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலையை நெய்யில் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. குழைவாக இருப்பதால் தூக்கக் கலக்கத்தில் இருக்கிற பிள்ளை கூட விழுங்கிவிடும். உங்கள் மகளுக்காகத்தான் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.


உசிலை அப்பத்தா | புதன், காலை 9.32

பேத்தி படித்துக் காட்டினாள், நான் சொல்லச் சொல்ல அவளே எழுதுகிறாள்.

ஆத்தா, ரசம் வைத்ததற்கு யாராவது வருத்தப்படுவார்களா. காட்டில் களை எடுத்துவிட்டு இருட்டிய பிறகு வீடு வந்த நாளில் நான் ரசம் கூடக் கொதிக்க வைத்ததில்லை. பச்சைப்புளி ரசம்தான். அதைக் கொதிக்க வைக்க வேண்டாம், மிளகாய் சுடவும் கடைசியில் தாளிக்கவும் மட்டும் அடுப்பு இரண்டு நிமிடம். தாளிப்பதை விட்டுவிட்டாலும் குற்றமில்லை.

ஒரு எலுமிச்சம்பழ அளவுப் புளியை மூன்று டம்ளர் தண்ணீரில் ஊறப் போடு. புளி புதுப் புளியாக இருக்க வேண்டும், பங்குனியில் வாங்கி வைத்தது. பழம்புளி கறுத்துப் போய்க் கசப்பு தட்டும், கொதிக்கிற குழம்புக்கு அது சரி, இதற்கு ஆகாது. பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயம் உரித்துக்கொள். அம்மியில் வைத்து ஒரு நசுக்கு நசுக்கினால் போதும், பொடிப்பொடியாக அரிந்தால் அந்த ருசி வராது. இரண்டு வரமிளகாயை அடுப்புத் தீயில் காட்டு. ஓரம் கறுகி, தும்மல் வருகிற மாதிரி ஒரு நெடி கிளம்பும், உடனே எடுத்துவிடு. அதற்கு மேல் விட்டால் கரியாகிவிடும்.

இப்போது ஒரு சட்டியில் வெங்காயம், சுட்ட மிளகாய், அரைக் கரண்டி சீரகம், கல் உப்பு, ஒரு கைப்பிடி மல்லித்தழை எல்லாவற்றையும் போட்டுக் கையால் பிசை. விரல் இடுக்கில் வெங்காயச் சாறு இறங்கும் வரைக்கும் பிசைய வேண்டும், அதில்தான் எல்லாமே இருக்கிறது. அப்புறம் புளியைக் கரைத்து வடிகட்டி அதில் ஊற்று. சுண்டைக்காய் அளவு மண்டைவெல்லம் கிள்ளிப் போடு. நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார், புளிப்பும் உறைப்பும் ஒன்றாக ஏறினால் சரி. கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டு.

வெஞ்சனம் வைக்கலையா என்று உன் மாமியார் கேட்டார்களே, அதற்குப் பொரிகடலைத் துவையல். ஒரு கை பொரிகடலை, இரண்டு சில்லுத் தேங்காய், ஒரு வரமிளகாய், ஒரு பல் பூண்டு, உப்பு, எல்லாவற்றையும் கெட்டியாக அரைத்தால் போதும். மிக்சியில் இரண்டு சுற்று. வதக்க வேண்டாம், வேக வைக்க வேண்டாம். சுடுசோற்றில் அந்த ரசத்தை ஊற்றி இதைத் தொட்டுச் சாப்பிட்டுப் பார், இன்னொரு கரண்டிச் சோறு கேட்பார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். இத்தனையும் நின்றுகொண்டு செய்கிற வேலை இல்லை. நாங்கள் எல்லாம் அரிவாள்மனையைத் தரையில் போட்டு, காலை நீட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் அரிந்தோம். இப்போது மேடை அடுப்பு வந்து எல்லாவற்றையும் நின்றே செய்கிறீர்கள். நாள் முழுக்க நின்றவள் வீட்டிலும் வந்து நிற்கக் கூடாது. சட்டியைத் தரைக்குக் கொண்டுவா.


நைட்டு டியூட்டி | புதன், மதியம் 2.05

அப்பத்தா கடைசியில் சொன்னதை அப்படியே கேளுங்கள் அக்கா. நான் செவிலியர். நாள் முழுக்க நிற்பவர்களுக்குக் காலில் ரத்தமும் நீரும் கீழேயே தேங்கிவிடுகிறது, அதனால்தான் செருப்பு வார் குழியாகப் பதிகிறது. வீட்டுக்குள் வந்ததும் பத்து நிமிடம் தரையில் படுத்து, காலைச் சுவரில் தூக்கி வைத்துவிட்டு அப்புறம் அடுப்படிக்குப் போங்கள். குக்கர் அந்தப் பத்து நிமிடம் தாமதமாக விசில் அடித்தால் ஒன்றும் ஆகாது. வீக்கம் காலையில் எழுந்த பிறகும் வடியாமல் இருந்தாலோ, ஒரு காலில் மட்டும் வீங்கி வலித்தாலோ தள்ளிப் போடாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அப்புறம், களைப்பாக இருக்கிறவர்கள் காலையிலேயே இரவுக்கும் சேர்த்துச் சோறு வடித்து மேடையிலேயே மூடி வைத்துவிட்டுப் போகிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு அது சரிப்படாது. அரிசியில் பாசில்லஸ் செரியஸ் என்று ஒரு கிருமியின் வித்துகள் இருக்கும், கொதித்தாலும் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கிவிடும். அப்புறம் நீங்கள் எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. சோறு மிஞ்சினால் அகலமான தட்டில் பரப்பி ஆற வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் ஒரே ஒரு தடவை நன்றாக ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும்.


உசிலை அப்பத்தா | புதன், மாலை 5.50

அப்படியானால் பழைய சோறு என்ன பாவம் செய்தது? அதைக் குடித்துத்தானே நாங்கள் இத்தனை வருடம் காட்டு வேலை பார்த்தோம்.


நைட்டு டியூட்டி | புதன், மாலை 6.30

பழைய சோறு வேறு கணக்கு அப்பத்தா. நீங்கள் சோறு ஆறியதும் தண்ணீர் ஊற்றிவிடுகிறீர்கள், இரவெல்லாம் அது நொதிக்கிறது. லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகிற நல்ல பாக்டீரியா பெருகித் தண்ணீரைப் புளிக்க வைக்கிறது, அந்தப் புளிப்பில் மற்றக் கிருமிகள் எளிதாக வளராது. காலையில் சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் வைத்து நானே குடிப்பேன். நான் சொன்னது தண்ணீர் ஊற்றாமல் காலையிலிருந்து இரவு வரை மூடியே கிடக்கிற சோற்றைத்தான்.


தறிச்சத்தம் | புதன், இரவு 9.15

எல்லோரும் அக்காவுக்கு என்ன சமைப்பது என்று சொல்கிறீர்கள், எல்லாம் நல்ல யோசனைதான். நான் வேறு ஒன்று கேட்கிறேன். வீட்டில் ஏழாவது படிக்கிற பையன் இருக்கிறானே, அவன் சோறு வைக்கக் கூடாதா?

நான் செல்லூரில் தறி ஓட்டுகிறவன். கல்யாணம் ஆகி ஒன்பது வருடம் அடுப்படிப் பக்கம் போனதில்லை. மனைவிக்கு ஆபரேஷன் நடந்து ஒரு மாதம் எழுந்திருக்கக் கூடாது என்றார்கள், அப்போதுதான் அரிசி எந்த டப்பாவில் இருக்கிறது என்றே தெரிந்துகொண்டேன். அந்த ஒரு மாதத்தில் எனக்குப் புரிந்தது, சமைப்பது பாதி வேலைதான். அரிசி தீர்ந்துபோகிறது என்று மூன்று நாள் முன்பே ஞாபகம் வைத்திருப்பது, மாவு புளித்துவிடுமா என்று பார்ப்பது, எல்லோரும் சாப்பிட்ட பிறகு அந்தத் தட்டுகளையும் குக்கரையும் தேய்ப்பது, இதெல்லாம் யார் கண்ணிலும் படுவதில்லை. தறியில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து சட்டியில் ஒட்டிய பருப்பைச் சுரண்டும்போது, இத்தனை வருடம் இதை அவள் ஒருத்தியாகச் செய்திருக்கிறாளே என்று தொண்டை அடைத்தது.

இப்போது இரவுச் சோறு என் பொறுப்பு. வேலை விட்டு வரும்போதே உரிக்க வேண்டியது, அரிய வேண்டியது எல்லாம் பிள்ளைகள் செய்து வைத்திருப்பார்கள். முட்டை ஏற்றுகிற நாளில் நாலு முட்டை, இரண்டு பெரிய வெங்காயம், மிளகுத்தூள் போட்டுப் பொடிமாஸ், பத்து நிமிடம் கூட ஆகாது. பையனை அடுப்புக்குப் பழக்குவதற்கு முதல் சில நாள் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், குக்கர் மூடியை ஆவி இறங்கும் முன் திறக்கக் கூடாது என்று ஒன்றுக்கு மூன்று தடவை சொல்ல வேண்டும். உங்கள் மாமியார் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கலாமே. நிற்கத்தானே முடியாது, பேச முடியுமே.


ஒத்தக்கடைக்காரன் | புதன், இரவு 10.02

அண்ணன் சொன்னதைப் படித்தபின் என் வீட்டுக் கணக்கையும் பார்த்தேன். நாலு பேருக்குப் பரோட்டா வாங்கினால் இருநூறு ரூபாய் போய்விடுகிறது, தினமும் என்றால் தாங்காது, சின்னப் பிள்ளைக்கு எண்ணெயும் மைதாவும் ஒத்துக்கொள்ளாது. நேற்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன் அக்கா.

பாதி வாங்கி பாதி வீட்டில் செய்கிற வழி ஒன்று இருக்கிறது. மாவு மட்டும் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு கிலோ வாங்கினால் எங்களுக்கு இரண்டு இரவு வரும். ஒரு நாள் இட்லி, மறுநாள் கொஞ்சம் புளித்திருக்கும், வெங்காயம் தூவி ஊத்தப்பம். சட்னிக்கு இரண்டு தக்காளி, ஒரு வெங்காயம், நாலு மிளகாயைப் பச்சையாகவே அரைத்துத் தாளித்துக் கொதிக்க விட்டால் தண்ணிச் சட்னி. இட்லி வேகிற நேரத்தில் அது முடிந்துவிடும்.


மேலூர் டீச்சர் | புதன், இரவு 10.20

ஒன்று சொல்ல விட்டுப் போயிற்று. கடைகளில் நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தியிருக்கிறார்கள். கூட்டம் இல்லாத ஐந்து நிமிடம் கிடைத்தால் உட்காருவதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் உங்கள் பிரிவில் இருக்கிற பெண்கள் நாலு பேர் சேர்ந்து கேளுங்கள். இரவுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது இது எதற்கு என்று யாரும் நினைக்க வேண்டாம், ராத்திரி அடுப்புக்கு முன்னால் நிற்கிற கால் பகலெல்லாம் அந்தக் கடையில் நின்ற அதே கால்தான்.


வில்லாபுரத்தாள் | வியாழன், இரவு 11.05

எல்லோருக்கும் ஒன்றாகப் பதில் எழுதுகிறேன். நேற்று இரவு வந்து இதையெல்லாம் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். தறிச்சத்தம் அண்ணன் எழுதியதைப் படித்தபோது ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பத்தா சொன்ன ரசத்தை மட்டும் இரண்டாவது தடவை படிக்கச் சொன்னார்கள். அவர்களுடைய அம்மாவும் அப்படித்தான் செய்வார்களாம், கொத்தமல்லிக்குப் பதிலாகக் கறிவேப்பிலையைப் பிசைவார்களாம்.

இன்று எட்டே முக்காலுக்குக் கிளம்பி ஒன்பதேகாலுக்கு வந்தேன். வாசலிலேயே பூண்டு வாசனை. உள்ளே மகன் குக்கர் முன்னால் நின்றுகொண்டிருக்கிறான், மாமியார் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "இன்னும் ஆவி இறங்கலை, கையை எடு" என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். புளி ஏழு மணிக்கே ஊறிவிட்டது. சின்ன வெங்காயம் உரித்து ஒரு கிண்ணத்தில் இருந்தது, துவையலும் அரைத்து மூடி வைத்திருந்தார்கள்.

நான் நைட்டு டியூட்டி தங்கச்சி சொன்ன மாதிரி பத்து நிமிடம் காலைத் தூக்கி வைத்துப் படுத்தேன். அடுப்படிப் பேச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அப்படிப் படுத்திருந்தது எத்தனை நாளைக்கு அப்புறம் என்று நினைவில்லை. எழுந்து போய் மிளகாய் மட்டும் சுட்டேன். சட்டியைத் தரையில் வைத்து, நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்தேன். மகள் ஓடி வந்து நான்தான் பிசைவேன் என்றாள். வெங்காயத்தை மட்டும் தனியாக எடுத்து அவளிடம் கொடுத்தேன், மிளகாயை நான் பிசைந்தேன். கண்ணில் நீர் வழிய வழிய விடாமல் பிசைந்தாள்.

டீச்சரம்மா, சுவரில் தாள் ஒட்டியாகிவிட்டது. மகன்தான் எழுதினான், கையெழுத்து கோணல்தான், ஆனால் வியாழனுக்கு நேராக அவன் பெயரையே எழுதியிருக்கிறான். இருக்கை விஷயம் நாளைக்குப் பேசலாம் என்று எங்கள் பிரிவில் மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டுக்காரர் பத்தேகாலுக்கு வந்தார். அவருக்குச் சோறு போடும்போது ரசம் அரை டம்ளர்தான் மிஞ்சியிருந்தது. மகள் அதுவரை தூங்கவில்லை, இது நான் வைத்த ரசம் என்று அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.